ஒரே லென்ஸோடு திருமுக்கூடல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காஞ்சிபுரத்தில் தொடங்கி, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் முடியும் ஒருநாள் பயணம் காமிராவுக்குக் கடுமையான பரீட்சை. காலையில் கைலாசநாதர் கோயிலின் குறுகலான பிராகாரம். பிறகு பட்டு நெய்யும் வீட்டின் மங்கலான தறிக்கூடம். பிற்பகலில் அகன்று கிடக்கும் ஆற்று மணல், எதிர்க்கரையில் பழையசீவரம் குன்றின்மேல் நரசிம்மர் கோயில். இடுப்பில் ஒரு குழந்தை, தோளில் தண்ணீர் பாட்டில் பை. இப்படிப்பட்ட நாளுக்கு ஒரே ஆல்-இன்-ஒன் ஜூம் லென்ஸ் போதுமா என்று கேட்பவர்களுக்கு, கடையிலும் உறவினர் வட்டத்திலும் கிடைக்கும் பதில்களில் பாதி தவறானவை.

முதலாவது, எல்லாரும் சொல்வது: “எக்ஸ் கூடக் கூட லென்ஸ் உசத்தி.”

1992-ல் டாம்ரான் கொண்டுவந்த 28-200 ஏழு மடங்கு ஜூம். 2017-ல் அதே நிறுவனத்தின் 18-400 இருபத்திரண்டு மடங்கைத் தொட்டது. விளம்பரத்தில் பெரிதாக அச்சாவது இந்த மடங்குதான். ஆனால் குடும்பப் பயணத்துக்கு லென்ஸ் வாங்குகிறவர் முதலில் பார்க்கவேண்டியது இடதுபக்க எண்ணை, 18-400 என்றால் 18-ஐ. தூரத்தில் எட்டாமல் போனதைப் பிறகு வெட்டிச் சரிசெய்யலாம். 24 மெகாபிக்சல் காமிராவில் 200 மி.மீ.யில் எடுத்த படத்தை 300-க்குச் சமமாக வெட்டினாலும் பத்து மெகாபிக்சலுக்கு மேல் மிஞ்சும். ஏ4 அளவில் பிரிண்ட் போட அது போதும். கிட்டத்தில் சட்டகத்துக்குள் அடங்காமல் போனதை எந்த மென்பொருளாலும் உள்ளே இழுத்துவர முடியாது.

கைலாசநாதர் கோயில் சுற்றில் மூன்று மீட்டருக்குமேல் பின்வாங்க இடமில்லாத மூலைகள் உண்டு. சாதாரண கிராப் சென்சார் காமிராவில் அந்த மூன்று மீட்டரிலிருந்து 18 மி.மீ. ஏறக்குறைய நான்கு மீட்டர் அகலத்தைப் பிடிக்கும். 28 மி.மீ. பிடிப்பது இரண்டரை மீட்டர்தான். தாத்தா, பாட்டி, அத்தை, பிள்ளைகள் என்று வரிசையாக நின்றால் ஓரத்தில் இருவர் காணாமல் போவார்கள். 28-ல் தொடங்கும் லென்ஸ் ஃபுல் ஃபிரேம் காமிராவுக்காகச் செய்யப்பட்டது. அங்கே அது நல்ல வைடு. அதையே கிராப் காமிராவுக்கு, “பின்னால் பெரிய காமிரா வாங்கினாலும் உதவும்” என்று விற்பதை ஏற்காதீர்கள். இன்று எடுக்கவேண்டிய படத்துக்குத்தான் இன்றைய லென்ஸ்.

“லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறது, இருட்டைப் பற்றிக் கவலையில்லை.” மிக அதிகமான படங்களைக் கெடுப்பது இந்த நம்பிக்கைதான் என்பது என் கணிப்பு.

அந்த வசதி சரிசெய்வது உங்கள் கை நடுக்கத்தை மட்டும். எதிரே அசைவதை அது நிறுத்தாது. கல்தூணை எடுத்தால் அற்புதமாக இருக்கும், தூணைச் சுற்றி ஓடும் குழந்தை மட்டும் கலங்கிப்போகும். தறிக்கூடத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கோர்வைச் சேலை நெய்யும்போது உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று என்று மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. தறியில் இருவர் வேலை செய்கிறார்கள். வெளிச்சம் ஒரு ஜன்னலிலிருந்து வருகிறது. ஆல்-இன்-ஒன் லென்ஸ் 35 மி.மீ.க்கு வரும்போதே பெரும்பாலும் எஃப்4.5 ஆகிவிடும். அந்த வெளிச்சத்தில் ஷட்டர் 1/40 நொடி என்றால், நாடா எறியும் கை புகைபோலத்தான் பதியும். அதே இடத்தில், அதே ஐஎஸ்ஓவில், எஃப்1.8 திறப்புள்ள, ஜூம் இல்லாத 35 மி.மீ. பிரைம் லென்ஸ் ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடும். ஷட்டர் 1/250-க்குப் போகும். நெசவாளரின் விரல்களும் ஜரிகையும் தெளிவாக நிற்கும்.

எனவே ஆல்-இன்-ஒன் வாங்குகிறவர், இருக்கும் பணத்தை 18-200-லிருந்து 18-400-க்கு ஏறுவதில் செலவழிப்பதைவிட, சிறிய 35 அல்லது 50 பிரைம் ஒன்றைச் சேர்த்து வாங்குவது நல்லது என்று உறுதியாகச் சொல்வேன். சட்டைப் பையில் அடங்கும். தறிக்கூடம், மாலை விளக்கு, தூங்கும் குழந்தை எல்லாவற்றுக்கும் அதுதான். நெய்கிறவரிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் எடுக்கவேண்டும், ஃபிளாஷ் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

“கூட்டுப் படம் என்றால் 18-ல் வைத்து எடு.” இடமில்லாதபோது மட்டும். வைடில் ஓரத்தில் நிற்பவரின் முகமும் தோளும் பக்கவாட்டில் இழுபடும். பெரும்பாலும் அந்த ஓரத்தில் நிற்பவர் வீட்டு மருமகள்தான். ஆற்று மணலில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பத்தடி பின்னால் போய் 35-க்கோ 50-க்கோ ஜூம் செய்யுங்கள்.

“லென்ஸே மாற்றாததால் தூசி வராது.” குறையும், அவ்வளவுதான். நீளும் லென்ஸ் ஒவ்வொரு முறை நீண்டு சுருங்கும்போதும் காற்றை உள்ளே இழுக்கிறது. வறண்ட பாலாற்றில் காற்று வீசினால் அந்தக் காற்றில் மணல் இருக்கும். எடுக்காதபோது லென்ஸைச் சுருக்கிப் பூட்டிவையுங்கள். அந்தச் சின்னப் பூட்டு, கழுத்தில் தொங்கும்போது லென்ஸ் தானாக நீண்டு விழாமல் இருக்கவும்தான். ஆனாலும் பொங்கலை ஒட்டிய பார்வேட்டைத் திருவிழாவில் காஞ்சி வரதர் திருமுக்கூடலுக்கு எழுந்தருளி, சுற்றுவட்டாரப் பெருமாள்களோடு சேர்ந்து காட்சி கொடுக்கும் கூட்டத்தில் ஆல்-இன்-ஒன்னுக்கு இணையில்லை. அங்கே இரண்டு கையும் காமிராவில் இருக்கவேண்டும். லென்ஸ் கழற்ற மூன்றாவது கை கிடையாது.

கடைசியாக, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் சொல்வது: “ஆல்-இன்-ஒன்னில் கூர்மையே இராது, உருப்படியான படம் வராது.”

தூர முனையில் முழுத் திறப்பில் மென்மையாகத்தான் இருக்கும். எஃப்8-க்குக் குறைத்தால் நன்றாகத் தேறும். ஆல்பத்தில் ஒட்டும் ஆறுக்கு நான்கு அங்குலப் படத்துக்கு இரண்டு மெகாபிக்சல் விவரமே போதும் என்பதால், வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. உண்மையான குறை வேறொன்று: 18-ல் நேர்க்கோடுகள் வெளிப்பக்கமாக வளையும். அது வெளிப்படும் இடம் திருமுக்கூடல் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலிலேயே இருக்கிறது. வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று, பதினைந்து படுக்கைகளோடு இங்கே இயங்கிய ஆதுலசாலை என்னும் மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகள் எல்லாம் அதில் வருகின்றன. தமிழ்நாட்டில் பிள்ளைகளை நிறுத்திக் காட்டவேண்டிய சுவர்களில் இதற்கு முதல் வரிசையில் இடம் தருவேன்.

அந்தக் கல்வெட்டில் நீண்ட வரிகள். 18-ல் நெருங்கி நின்று எடுத்தால் மேல்வரியும் கீழ்வரியும் வில்லாக வளையும். நேரே ஃபிளாஷ் அடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழலே இராது. சுவர் வெறும் கல்லாகத் தெரியும். வெயில் சுவரின்மேல் சாய்வாகப் படும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அடையாளத்துக்கு முழுச் சுவரும் தெரிய வைடில் ஒன்று எடுங்கள். பிறகு சுவருக்கு நேர் எதிரே, பின்தள்ளி நின்று, 50 மி.மீ., எஃப்8; இடமிருந்து வலமாகப் பகுதி பகுதியாக, ஒவ்வொரு படமும் முந்தையதன் ஓரத்தைக் கொஞ்சம் உள்ளடக்கும்படி எடுங்கள். வீட்டில் கணினியில் பெரிதாக்கினால், பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கலாம்.