விதையும் குணமும்: அங்கத்தினர்களுக்கு ஒரு பாடம்

சாரல் காலத்தில் ஐந்தருவிக்குச் செல்வோர், அங்குள்ள கடைகளில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்கப்படுவதைக் காண்பர். பழத்தைத் தின்று, கொட்டையை வீட்டுக்குக் கொண்டுசென்று ஊன்றுவோரும் உண்டு. இவ்விரு கொட்டைகளும் ஒரே விதமான பலனைத் தருமா? தரமாட்டா. இதன் காரணத்தை அறிந்துகொண்டால், பருத்தி விதை வாங்குவதிலும் நாம் ஏமாற மாட்டோம்.

தாய், தந்தை இருவர் குணமும் சந்ததிக்கு வரும் என்பது யாவரும் அறிந்ததே. அது எந்தக் கணக்கில் வருகிறது என்பதைக் கண்டவர், அக்கால ஆஸ்திரியப் பேரரசில் ஒரு மடத்தில் வாழ்ந்த துறவி கிரிகோர் மெண்டல். 1866இல் அவர் தம் முடிவுகளை அச்சிட்டார். உலகம் அவற்றின் அருமையை உணர்ந்தது 1900இல்தான்.

அவர் நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் இணைத்தார். பிறந்த செடிகள் யாவும் நெட்டையே. அவற்றின் விதையை மீண்டும் விதைத்தபோது 1,064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. மறைந்த குட்டை மீண்டது எங்ஙனம்?

ஒவ்வொரு குணத்துக்கும் செடியில் இரண்டு அம்சங்கள் உள்ளன. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. நெட்டையை 'நெ' என்றும், குட்டையை 'கு' என்றும் குறிப்போம். முதல் தலைமுறை நெ-கு. 'நெ' மேலோங்குவதால் செடி நெட்டை; 'கு' அழியவில்லை, மறைந்திருக்கிறது. அடுத்த தலைமுறையில் நெ-நெ, நெ-கு, கு-நெ, கு-கு என நான்கு சேர்க்கைகள் நேரும். கடைசிச் சேர்க்கை மட்டுமே குட்டை.

இனிப் பருத்தியைக் காண்போம். 1970இல் சூரத்தில் சி. டி. பட்டேல் உருவாக்கிய 'ஹைபிரிட்-4', வாணிப முறையில் பயிரான உலகின் முதல் கலப்பினப் பருத்தி. கலப்பினச் செடியில் நெ-கு போன்ற கலப்பு ஜோடிகள் பல. அதன் விதையை எடுத்துவைத்து மறுபோகம் விதைத்தால், குணங்கள் பிரிந்து, செடிக்குச் செடி இழையின் நீளம் மாறும். அத்தகைய பஞ்சில் நூல் சீராக அமையாது. தறியில் இழை அறும். விவசாயி விதையில் மிச்சப்படுத்திய பணத்தை நெசவாளி தறியில் இழக்கிறார். ஆகவே கலப்பின விதையை ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்குதல் வேண்டும். கோவையில் உருவாகி 1974இல் வெளிவந்த 'சுவின்' போன்ற நிலைத்த ரகமாயின், அயல் மகரந்தம் கலவாமல் காத்து, சொந்த விதையையே பயன்படுத்தலாம்.

மங்குஸ்தான் கொட்டை மகரந்தச் சேர்க்கையின்றியே உண்டாவது. அதற்குத் தந்தை இல்லை. எனவே கன்று தாயையே ஒத்திருக்கும். காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும் என்பதே குறை. ரம்புட்டான் அங்ஙனமன்று. கொட்டைக் கன்றை 5, 6 ஆண்டுகள் நீரூற்றி வளர்த்தபின், பூக்கும்போதுதான் அது காய்க்காத ஆண் மரம் எனத் தெரியவரலாம். ஒட்டுக் கன்றின் மேற்பகுதியோ தாய்மரத்தின் உடலிலிருந்தே எடுக்கப்பட்டது; ஆதலால் குணம் மாறாது.

கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நிர்வாகக் குழுவினர் மூன்று கேள்விகள் கேட்பது நலம். விதை நிலைத்த ரகமா, கலப்பினமா? கன்று கொட்டையில் முளைத்ததா, ஒட்டியதா? ஒட்டாயின், தாய்மரம் காய்த்ததை நேரில் கண்டவர் உண்டா? கடன் தவணை குறித்த நாளில் வந்துவிடும். ஆண் மரத்தில் பழம் ஒருநாளும் வராது.