மின்னெழுச்சியும் நம் மின்கருவிகளும்



நம் பங்சார் அமைந்துள்ள கிள்ளான் பள்ளத்தாக்கு, உலகில் இடிமின்னல் மிகுந்த வட்டாரங்களுள் ஒன்றாகும். ஆண்டில் ஏறத்தாழ 200 நாள் இங்கே இடியோசை கேட்கிறது. பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில், பிற்பகல் வேளைகளில் வானம் இருண்டு வருவதை நாம் அடிக்கடி காண்கிறோம். வீட்டின்மேல் இடி விழாதபோதும், பெற்றோர் தவணை கட்டி வாங்கிய கணினி அந்நேரத்தில் கருகிவிடுவது ஏன்?

நம் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட்டு. அருகில் எங்கேனும் மின்னல் பாய்ந்தால், மின்கம்பிகளில் கணப்பொழுதில் பல்லாயிரம் வோல்ட்டு அழுத்தம் தோன்றக்கூடும். இதனையே மின்னெழுச்சி என்கிறோம். திடீர் வெள்ளம் வாய்க்கால் கரையை உடைப்பதுபோல, இது கருவிகளின் நுண்ணுறுப்புகளைச் சிதைத்துவிடும்.

செருகியில் உள்ள உருகி காக்காதோ? உருகிக் கம்பி சூடேறி உருகச் சிறிது நேரம் வேண்டும். மின்னெழுச்சியோ அதற்குள் வந்து போய்விடும். சுவிட்சை அடைத்தால் போதாதோ? சுவிட்சினுள் இருக்கும் இடைவெளி சில மில்லிமீட்டரே. பேரழுத்த மின்சாரம் அதனைத் தாவிவிடும்.

மின்னெழுச்சித் தடுப்பான் ஓரளவு துணைசெய்யும். அதனுள் துத்தநாக ஆக்சைடால் ஆன வில்லை ஒன்று உண்டு. வழக்கமான அழுத்தத்தில் அது மின்சாரத்தைத் தன்வழியே விடாது. அழுத்தம் மிகுந்தவுடன் வழிவிட்டு, மிகை மின்சாரத்தைப் புவியிணைப்புக் கம்பியின் வழி மண்ணுக்குள் செலுத்தும். செருகியின் மூன்று முனைகளுள் நீளமானது இப்புவியிணைப்புக்கு உரியது. பல எழுச்சிகளைத் தாங்கியபின் வில்லை தேய்ந்துவிடும். அப்பொழுது தடுப்பானை மாற்றுதல் வேண்டும். எனினும், மிக அருகில் விழும் இடியை அது தாங்காது.

ஆகவே, நாம் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. வானம் இருளத் தொடங்கும்போதே, பெரியோர் துணையுடன் செருகிகளைக் கழற்றிவிடுவோம்.
2. தொலைக்காட்சியின் அலைவாங்கிக் கம்பியையும் அப்பொழுதே பிரித்துவைப்போம். மின்னெழுச்சி அதன் வழியும் வரும்.
3. இடி முழங்கத் தொடங்கியபின் செருகியையோ கம்பியையோ தொடமாட்டோம்.
4. வீட்டின் புவியிணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு சோதிக்குமாறு பெற்றோரிடம் கூறுவோம்.

கருகிய கருவியை மீண்டும் வாங்கலாம். உயிரை வாங்க இயலுமோ? வருமுன் காப்போம், இடி வந்தபின் விலகி நிற்போம்.