சுருக்கும்போது எதை விடுவது?

சுருக்கம் எழுதச் சொன்னால், நம் பிள்ளைகளில் பலர் ஒவ்வொரு பந்தியிலும் முதல் வரியைப் பிய்த்தெடுத்து வரிசையாக ஒட்டிவிடுகிறார்கள். மூன்றிலொரு பங்காகச் சுருக்கிப் பழகிய கை, சொற்களை எண்ணத்தான் முந்துகிறது. பரீட்சைக்கு அது ஒப்பேறலாம். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்குப் போனாலும், கொழும்பில் ஆபிஸ் வேலைக்குப் போனாலும் அங்கே கேட்பது வேறு: எழுதியவர் என்னதான் சொல்கிறார்?

தொழில்நுட்பம், தொடர்பாடல் ஒழுங்கு பற்றிய கட்டுரைகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. இவை சீக்கிரம் பழசாகிவிடும். ஆனால் முழுவதும் பழசாகாது. எது செத்தது, எது உயிரோடு இருக்கிறது என்று பிரிப்பதுதான் சுருக்குபவரின் வேலை.

பழகிப்பார்க்க ஒரு நல்ல பாடம் இருக்கிறது. இன்டெல் நிறுவனத்தின் சாலி ஹேம்பிரிட்ஜ் எழுதி, 1995 ஒக்டோபரில் வெளியான ‘ஆர்.எஃப்.சி. 1855’ என்ற இணைய நாகரிக வழிகாட்டி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஆங்கிலமும் கடினமில்லை. ஏகப்பட்ட அறிவுரைகள் என்று மிரள வேண்டாம். முன்னுரையை மட்டும் முதலில் வாசியுங்கள். ஏன் எழுதினார்கள் என்பது அங்கேயே இருக்கிறது. பிறகு தலைப்புகளை மட்டும் பாருங்கள். இப்போது ஆவணத்தை மூடிவிட்டு எழுதுங்கள். இப்படி வரலாம்:

“இணையத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு அதன் பழக்கவழக்கங்கள் தெரியாது. அதனால், நிறுவனங்கள் தமக்கேற்ப மாற்றிக்கொள்ளக்கூடிய குறைந்தபட்ச நெறிகளை இந்த ஆவணம் தருகிறது. ஒருவருக்கு எழுதுவது, பலருக்கு எழுதுவது, தகவல் சேவைகளைப் பயன்படுத்துவது என அவற்றை மூன்றாகப் பிரிக்கிறது.”

மூடிவிட்டு எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. திறந்திருந்தால் கண் வரியைத் தேடும், கை அப்படியே இறக்கிவைக்கும்.

அடுத்தது, ஆவணத்தைத் திரும்பத் திறந்து அதிலுள்ள விதிகளைப் பிரிப்பது. ஒரு வரி 65 எழுத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது ஆவணம். அன்றைய கணினித் திரைக்கான விதி அது, விட்டுவிடலாம். கோஃபர் போன்ற பழைய சேவைகளின் பெயர்களும் அப்படித்தான். கோபத்தில் எழுதியதை அன்றிரவே அனுப்பாமல் விடியும்வரை பொறுக்கச் சொல்வது மனிதருக்கான விதி. அதை விடவே கூடாது. ஆங்கிலப் பெரிய எழுத்திலேயே எழுதினால் கத்துவது போலிருக்கும் என்பதும் இந்த வகைதான். (தமிழில் பெரிய எழுத்து இல்லை என்று தப்பிக்க முடியாது. ஆச்சரியக்குறிகளை வரிசையாகக் குத்தி நாமும் கத்துகிறோம்.)

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கிறது. மாணவர்கள் வழுக்கி விழுவது அங்கேதான். கடிதத்தின் கீழே போடும் கையொப்பக் குறிப்பு நான்கு வரிக்கு மேல் போகக் கூடாது என்கிறது ஆவணம். அற்ப விதி என்று தோன்றும். காரணத்தைப் பாருங்கள்: அன்று பலர் இணையத்துக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்டினார்கள், நீளம் கூடினால் அவர்களுக்குச் செலவு. விதி பழசு, காரணம் பழசாகவில்லை. 2020, 2021இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்றார்கள். ஒரு பெரிய வீடியோ வந்து விழுந்தால், ரீலோட் போட்ட டேட்டா கரைந்துபோகும். ஆகவே சுருக்கத்தில் நான்கு வரி என்ற எண்ணை விடுங்கள், பெறுபவரின் செலவை நினைத்து எழுது என்ற கருத்தை வையுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: உங்கள் அபிப்பிராயத்தை ஆசிரியரின் வாயில் திணிப்பது. வட்ஸ்அப் பற்றி 1995ஆம் ஆண்டு ஆவணம் எதுவும் சொல்லவில்லை. அதைச் சேர்க்க ஆசையானால், “என் கருத்தில்” என்று தொடங்கித் தனிப் பந்தியில் எழுதுங்கள்.

எழுதியதை விரிவுரையாளருக்கு ஈமெயிலில் அனுப்பும்போதும் பெறுபவரை நினைக்கும் இதே ஒழுங்குதான். வட்ஸ்அப்பில் “குட் மோர்னிங் சேர்” என்று மட்டும் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் இங்கே வேண்டாம். விடய வரியில் பாடத்தின் பெயரும் உங்கள் பதிவிலக்கமும், உள்ளே வணக்கம், என்ன இணைத்திருக்கிறீர்கள் என்று ஒரு வரி, உங்கள் பெயர். உங்களுக்கென்று ஈமெயில் முகவரி இன்னும் இல்லையென்றால் இதை நினையுங்கள்: லயத்து வரிசை வீட்டுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதமெல்லாம் தோட்ட ஆபிஸ் வழியாக வந்த காலத்தில், நேர்முகப் பரீட்சை அழைப்பு திகதி கடந்து கைக்குக் கிடைத்த கதைகள் ஏராளம். ஈமெயில் உங்கள் கைக்கே நேராக வரும் முகவரி. விளையாட்டுப் பெயர் வேண்டாம், உங்கள் சொந்தப் பெயரிலேயே ஒன்றை இன்றைக்கே திறந்துகொள்ளுங்கள்.