1600 ரேம் ஏன் 1333 காட்டுது?

இந்த முறை, பழைய கம்ப்யூட்டரை வெச்சு ஓட்டிக்கிட்டு இருக்கிறவங்களுக்கான பாடம்.

போன செமஸ்டர்ல என் ரூம்மேட் ஒரு செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கினான். இன்டெல் எச்61 சிப்செட் மதர்போர்டு, ஐ3-2100 பிராசசர், 1333 வேகத்துல ஒரு 4 ஜிபி ரேம். ப்ராஜெக்ட் வேலைக்கு 4 ஜிபி பத்தலை. கைச்செலவுக் காசை மிச்சம் பிடிச்சு, 1600 என்று ஸ்டிக்கர் ஒட்டின இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 வாங்கிப் போட்டான். பயாஸ்ல பார்த்தா 1333 தான் காட்டுது. "மச்சி, கடையில ஏமாத்திட்டாங்கடா"ன்னு வந்து நின்னான்.

யாரும் ஏமாத்தலை. ஏன்னு பார்ப்போம்.

எண்ணைச் சரியாகப் படிப்போம்

சிபியூ-இசட் என்ற இலவச மென்பொருளில் மெமரி பக்கத்தைத் திறந்தால் 665 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். பயப்பட வேண்டாம். டிடிஆர் ரேம் ஒரு கிளாக் துடிப்பில் இரண்டு முறை டேட்டா அனுப்பும். அதனால் 665-ஐ இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய 1333. 1600 ரேம் முழு வேகத்தில் ஓடினால் அங்கே 800 காட்டும்.

மூணு பேரும் ஒத்துக்கணும்

ரேம் வேகத்தை ஸ்டிக்கர் முடிவு பண்றதில்லை. ரேம், பிராசசர், மதர்போர்டு மூணும் சேர்ந்துதான் முடிவு பண்ணும். யார் மெதுவோ, அவங்க வேகத்துலதான் எல்லாரும் ஓடணும்.

இந்தத் தலைமுறையில் மெமரி கன்ட்ரோலர் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது. ஐ3-2100 சாண்டி பிரிட்ஜ் வகை. அதற்கு 1066, 1333 மட்டுமே அதிகாரபூர்வ வேகங்கள். எச்61 போர்டில் அதைத் தாண்டிய மெமரி மல்டிப்ளையரைத் தேர்ந்தெடுக்கவும் வழியில்லை. எக்ஸ்எம்பி ஆன் பண்ணினாலும் இதே கதைதான். ஐ5-3470 மாதிரி ஐவி பிரிட்ஜ் பிராசசர் போட்டால் 1600 கிடைக்கும். ஆனால் நம்ம ஆளோட பழைய ரேமும் 1333 தானே! பிராசசரை மாத்தினாலும் அது இழுத்துப் பிடிக்கும்.

1600 கிடைச்சா எவ்வளவு லாபம்?

கணக்குப் போடுவோம். ஒரு சேனல் ஒரு தடவைக்கு 8 பைட் அனுப்பும்.

1333 × 8 = நொடிக்கு சுமார் 10.6 ஜிபி
1600 × 8 = நொடிக்கு 12.8 ஜிபி

இருபது சதவீதம் கூடுதல். ஆனால் எச்61 போர்டில் இரண்டு சேனல் உண்டு. ஒரே ரேம் இருந்தவரை ஒரு சேனல்தான் வேலை செய்தது. இரண்டாவதைப் போட்டதும் 10.6 என்பது 21.3 ஆகிவிட்டது. ஐ3-2100 உள்ளே இருக்கும் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் பங்கு போடுது, அதுக்கும் லாபம். கிடைச்ச நூறு சதவீதத்தைப் பார்க்காம, கிடைக்காத இருபதுக்கு அழுதுகிட்டு இருந்தோம்!

காத்திருப்பு நேரத்தையும் பாருங்க. 1333-ல் சிஎல்9 என்றால் 13.5 நானோ செகண்ட். 1600-ல் சிஎல்11 என்றால் 13.75. கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

நாங்க பண்ண தப்பு

இந்தக் கணக்கைப் போடுறதுக்கு முன்னாடியே கை அரிச்சது. பயாஸ்ல பிசிஎல்கே என்ற அடிப்படை கிளாக் 100-ல இருந்தது. "106 போடுடா, ரேம் 1400 தாண்டும்"னு சொன்ன அறிவாளி நான்தான். தாண்டுச்சு. விண்டோஸும் பூட் ஆச்சு. ரெண்டு பேரும் ட்ரீட் கொண்டாடினோம்.

சாண்டி பிரிட்ஜில் அந்த ஒரே கிளாக்தான் பிசிஐ எக்ஸ்பிரஸ், சாட்டா எல்லாவற்றுக்கும் அடிப்படை. ரேமை மட்டும் ஓட்ட நினைத்து, ஹார்ட் டிஸ்க் பேசும் பாதையையும் சேர்த்து ஓட்டினோம். மூணாவது நாள் ப்ராஜெக்ட் ஜிப் ஃபைல் திறக்கலை. பென் டிரைவ்ல ஒரு வாரம் பழைய காப்பி இருந்ததால தப்பிச்சோம். அந்த ஒரு வார கோடிங் போனது போனதுதான். அவன் ஒரு வார்த்தை திட்டலை; அதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

நீலத் திரை வந்தா தப்புன்னு உடனே தெரியும். சத்தமே இல்லாம ஃபைலைக் கெடுக்கிற பிழைதான் ஆபத்து.

பிரச்சினை வந்தால் இந்த வரிசையில் பாருங்க

1. முதலில் பேக்கப். மத்ததெல்லாம் அப்புறம்.

2. பவர் கார்டைக் கழற்றி, ரேமை எடுத்து, தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசி துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்துங்க. பாதிப் பிரச்சினை இங்கேயே முடியும்.

3. ஒவ்வொரு ரேமையும் தனித்தனியாக, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் போட்டுப் பாருங்க. கெட்டது ரேமா, ஸ்லாட்டா என்று தெரிந்துவிடும்.

4. பூட்டே ஆகலைன்னா, பவர் கார்டைக் கழற்றிவிட்டு சிமாஸ் பேட்டரியைச் சில நிமிடம் வெளியே எடுத்து வையுங்க. பயாஸ் பழைய நிலைக்கு வந்துவிடும்.

5. பிசிஎல்கே 100, ரேம் வோல்டேஜ் 1.5 என்று இருக்கட்டும். 1.65 வோல்ட் கேட்கும் ரேமை இந்தப் போர்டுக்கு வாங்காதீங்க. கன்ட்ரோலர் பிராசசருக்குள் இருப்பதால் அடி அங்கே விழும்.

6. மெம்டெஸ்ட்86-ஐப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. நாலு சுற்று முடிந்தும் பிழை பூஜ்யமாக இருக்கணும். ஒண்ணு வந்தாலும் ஃபெயில்தான், இங்கே கிரேஸ் மார்க் கிடையாது.

7. ஐவி பிரிட்ஜுக்கு மாறுவதாக இருந்தால், பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸ் அப்டேட் பண்ணிடுங்க. நடுவில் கரன்ட் போனால் போர்டே போயிடும், யுபிஎஸ் கட்டாயம்.

வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: மலிவாகக் கிடைக்கும் சில டிடிஆர்3 ரேம்களில் 'ஏஎம்டி ஒன்லி' என்று இருக்கும். இன்டெல் போர்டில் அது ஓடாது.

அந்த மெஷின் இப்பவும் 1333-லதான் ஓடுது. மெம்டெஸ்ட் பிழை பூஜ்யம். ப்ராஜெக்ட் ரிவ்யூவும் முடிஞ்சுது. உங்க போர்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி, பிராசசரோட ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்தை ஒரு தடவை படிச்சிடுங்க. நாங்க அந்த அஞ்சு நிமிஷம் செலவு பண்ணலை, ஒரு வாரத்தைக் கொடுத்தோம்.