வாகனக் கருவிகளும் சாரதியின் களைப்பும்

2016 நவம்பர் 9 அன்று அதிகாலை, நியூ அடிங்டனிலிருந்து வந்த ட்ராம் வண்டி, குரொய்டன் சாண்டிலன்ட்ஸ் நிறுத்தத்துக்கு அருகிலுள்ள வளைவில் கவிழ்ந்தது. பயணிகள் எழுவர் உயிரிழந்தனர். மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவினுள் வண்டி ஏறத்தாழ 73 கிலோமீற்றர் வேகத்தில் நுழைந்தது. இதனை வண்டியின் பதிவுக் கருவி காட்டிற்று. சாரதி ஏன் வேகத்தைக் குறைக்கவில்லை என்பதை அது காட்டவில்லை.

ரயில் விபத்து விசாரணைப் பிரிவு 2017 டிசம்பரில் அறிக்கை வெளியிட்டது. சாரதி சில கணங்கள் கண்ணயர்ந்து, பின்னர் தாம் எங்கு இருக்கிறார் என்பதில் தடுமாறியிருக்கக்கூடும் என்பதே அதன் கருத்து. இதனிடையே, சாரதியின் கண்களை அகச்சிவப்பு ஒளியின் துணையுடன் கவனிக்கும் ‘கார்டியன்’ என்னும் கருவி ட்ராம்களில் பொருத்தப்பட்டது. இமைகள் மூடியிருந்தால் ஒலி எழும், இருக்கை அதிரும். அவ்வொளி கண்ணுக்குத் தீங்கு தருமோ எனச் சாரதிகள் சங்கம் ஆட்சேபித்தது. நாள் முழுவதும் அக்கருவியின் முன் அமர்வோர் அவ்வாறு கேட்பது நியாயமே.

கருவி உறக்கத்தைக் கண்டுபிடிக்கும். உறக்கமின்மையின் காரணத்தைக் கண்டுபிடிக்காது. தண்டனைக்கு அஞ்சிச் சாரதிகள் தம் தவறுகளைத் தெரிவிக்கத் தயங்கினர் என்பதையும் அவ்வறிக்கை சுட்டியது. லண்டன் பஸ் சாரதிகள் குறித்து லஃப்பரோ பல்கலைக்கழகம் நடத்தி 2019 இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வாரத்தில் இரண்டு மூன்று தடவையேனும் தூக்கத்துடன் போராடுவதாகக் கூறினர். 2023 இல் சாண்டிலன்ட்ஸ் வழக்கில் சாரதியைக் குற்றவாளி அல்லர் என ஜூரிமார் விடுவித்தனர். பாதுகாப்புக் கடமையில் தவறியதை ஒப்புக்கொண்ட லண்டன் போக்குவரத்து நிறுவனத்துக்கு 10 மில்லியன் பவுணும், ட்ராம்களை இயக்கிய நிறுவனத்துக்கு 4 மில்லியன் பவுணும் அபராதம் விதிக்கப்பட்டன.

இதே வினா சொந்தக் கார்களிலும் எழுகிறது. இளம் சாரதிகள் பலர், கட்டணம் குறையும் என்பதற்காக, ‘கறுப்புப் பெட்டி’ பொருத்தும் காப்புறுதியைப் பெறுகின்றனர். வேகம், பயண நேரம், திடீர்ப் பிரேக் ஆகியவற்றை அப்பெட்டி பதியும். பிரேக் அழுத்தப்பட்டது, பிள்ளையொன்று குறுக்கே ஓடியதாலா, சாரதி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்ததாலா? பெட்டியில் இரண்டும் ஒரே கோடுதான். ஆகவே, மதிப்பெண் குறைந்ததாகவோ காப்புறுதி இரத்தாகும் என்றோ அறிவித்தல் வந்தால், நடந்ததை உடனே எழுத்தில் தெரிவிப்பது நல்லது. தம்மைப் பற்றிய பதிவுகளின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமை தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஒவ்வொருவருக்கும் உண்டு. இதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. நிறுவனம் வழமையாக ஒரு மாதத்துக்குள் பதிலளிக்க வேண்டும்.