சுதந்திர சதுக்கத்துக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா?

தங்கச்சிமாரே, பள்ளி விடுமுறைக்கு உறவுகள் வந்து நின்றால் காலிமுகத்திடலோடு நிறுத்திவிடாதீர்கள். கறுவாத்தோட்டத்துச் சுதந்திர நினைவு மண்டபத்துக்கும் கூட்டிக்கொண்டு போங்கோ. ஆனால் படம் எடுப்பதற்காக மட்டும் போக வேண்டாம். அந்த இடத்தின் கதையைப் பிள்ளைகளுக்கு நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

நேரம்: காலையில் வெள்ளன போங்கோ, இல்லையென்றால் வெயில் தாழ்ந்த பின்னேரம். மண்டபத்துக்குள் நிழலும் காற்றும் உண்டு. சுற்றியுள்ள வெளியில்தான் வெயில் சுடும். குடையும் தண்ணீரும் கட்டாயம்.

போக: வெள்ளவத்தையில் இருந்து காலி வீதி பஸ்ஸில் பம்பலப்பிட்டிச் சந்தியில் இறங்கினால் ஓட்டோவுக்குக் கொஞ்சத் தூரம்தான். கொட்டாஞ்சேனையில் இருந்து குடும்பமாக வருபவர்களுக்கு மீட்டர் ஓட்டோவே வசதி.

முதலில் தூண்களைக் காட்டுங்கோ: இது கண்டி அரண்மனையின் மகுல் மடுவ மண்டபத்தைப் பார்த்துக் கட்டியது. 1815 மார்ச் 2ஆம் திகதி கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயருக்குக் கொடுத்த ஒப்பந்தம் அந்த மண்டபத்தில்தான் நடந்தது. கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். தமிழ்நாட்டு விருந்தாளிகளுக்கு இதை மறக்காமல் சொல்லுங்கோ.

பிறகு சிலை: முன்னால் நிற்பவர் முதல் பிரதமர் டி.எஸ். சேனநாயக்க. நாடு சுதந்திரம் அடைந்தது 1948 பெப்ரவரி 4. அந்த மாதமே குளொஸ்டர் கோமகன் நாடாளுமன்றத்தைச் சம்பிரதாயமாகத் திறந்துவைத்ததும் இந்தச் சதுக்கத்தில்தான். மண்டபத்தின் அடித்தளத்தில் அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருந்தால் இறங்கிப் பாருங்கோ.

வளர்ந்த பிள்ளைகளுக்கு மிச்சக் கதையையும் சொல்லுங்கோ: அதே 1948இல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 2016 சுதந்திர தின விழாவில், காலிமுகத்திடலில், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பிள்ளைக்குக் கதை முழுதாய் விளங்கும்.

உங்கள் குடும்பத்தில் மலையகத்தில் பிறந்து வளர்ந்த தாத்தாவோ அம்மாயியோ இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ. படிகளில் ஆறுதலாக இருந்து, பிரஜாவுரிமைக்காகக் காத்திருந்த காலத்தை அவர்களே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லட்டும்.