மலைக்காட்டு நிலத்துக்கு உரிமை பெறுவது எப்படி?

கோவை காந்திபுரத்தில் பஸ் ஏறிப் போய்ச் சேரும் ஆனைகட்டி மலையில், இருளர் பதிகளில் ராகியும் சாமையும் விளைகின்றன. உழுகிற நிலம் வனத்துக்குள் இருந்தால் பட்டா கிடையாது.

இதற்கு 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழி செய்கிறது. 13.12.2005க்கு முன்பிருந்தே அனுபவித்துவரும் பழங்குடியினர், சாகுபடியில் உள்ள அளவுக்கு, 4 ஹெக்டேருக்கு மேற்படாமல் உரிமை கோரலாம்.

கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் மனுச் செய்ய வேண்டும். இரண்டு சான்றுகளாவது தேவை. ரசீது இல்லையே என்று விட்டுவிட வேண்டாம். பழைய வரப்பு, கிணறு, இடுகாடு, மனுதாரர் அல்லாத ஊர்ப் பெரியவரின் எழுத்து வாக்குமூலம் ஆகியவையும் சான்றுகளே. கிராம சபை மறுத்தால் 60 நாட்களுக்குள் உட்கோட்டக் குழுவிடம் முறையிடலாம்.

உரிமைப் பத்திரம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் வழங்கப்படும். நிலம் வாரிசுகளுக்குச் சேரும், விற்க இயலாது. கடனுக்காக நிலம் கைமாறிப் போகாமல் இருக்க இதுவே காப்பு.